ஏறக் கூடாதென்று வாங்கிய பூட்ஸ்

இடது பூட்ஸ் சுலபமாகக் கழன்று வந்துவிட்டது. வலதுதான் முரண்டு பிடித்தது. கடைக்காரி புருஷனின் கணுக்காலை மடியில் வைத்துக்கொண்டு, நாடாவை முழுக்க உருவிவிட்டு இரண்டு கையாலும் இழுத்தாள். ஊரார் பூட்ஸையெல்லாம் பழுது பார்த்தே இருபத்தைந்து வருஷம் பிழைத்தவள், சொந்தப் புருஷன் காலிலிருந்து ஒன்றைக் கழற்ற இந்தப் பாடுபட்டாள். ஒருவழியாக அது வந்தபோது பின்னால் சாய்ந்து சுவரில் தலையை இடித்துக்கொண்டாள்.

"நான் கழட்டியிருப்பேனேம்மா," என்று கொக்கு குனிந்தான்.

"நீ தள்ளி நில்லு."

கொக்கு குதிரை லாயத்தில் அவள் புருஷனோடு வேலை செய்தவன். ஆளில் முக்கால்வாசி காலே என்பதால் அந்தப் பெயர். காலை ஒன்பது மணிக்கு அவன்தான் லாயத்து வண்டியில் உடலைக் கொண்டுவந்தான். இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதிய தாள் ஒன்றும் கையில் இருந்தது. வந்ததிலிருந்து எல்லோரிடமும் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"முற்றம் கூட்டிக்கிட்டிருந்தாரும்மா. நெஞ்சைப் பிடிச்சாரு. அப்படியே உக்காந்தாரு. அவ்வளவுதான்."

"ஏழரை மணிக்கா?"

"ஆமாம்மா."

"ஏழரைக்கு முற்றம் கழுவுற நேரமாச்சே."

"கூட்டிட்டு... கழுவினாரு."

"பூட்ஸ் ஒரு சொட்டு நனையலையே."

கொக்கு விட்டத்தைப் பார்த்தான். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும். அவனுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. கடைக்காரி அடுத்து புருஷனின் கால்சட்டையைப் பார்த்தாள். இரண்டு தொடைகளின் உள்பக்கத்திலும் செம்பழுப்பு மயிர் அப்பிக்கிடந்தது. துடைப்பம் பிடிக்கிறவனுக்கு அந்த இடத்தில் எப்படிக் குதிரை மயிர் ஒட்டும்? அழ வேண்டிய நேரத்தில் இப்படிப் போலீஸ்காரி மாதிரி துருவுகிறோமே என்று அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் விட மனசு வரவில்லை.

காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் குதிரை மேலேயே மயக்கம் வந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, இனி குதிரை ஏறினால் நான் பொறுப்பில்லை என்றார். ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலேயே அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தார் மனுஷன். லாயத்து முதலாளியம்மாவும் கூட்டிப் பெருக்கும் வேலையை மட்டும் கொடுத்தாள். கடைக்காரி அந்தச் சத்தியத்தைப் பாதிதான் நம்பினாள். மீதிப் பாதிக்குப் பூட்ஸ் வாங்கினாள்.

அதற்காக நாலு கடை ஏறி இறங்கினாள். குதிரை மூத்திரமும் லத்தியும் தையலைத் தின்றுவிடும், மூன்றே மாதத்தில் அடி வாயைப் பிளக்கும். அதனால் தையலே இல்லாமல் வார்த்த அடி பார்த்தாள். குதிரை மிதித்தால் விரல் நசுங்காதபடி கெட்டியான முனை. எண்ணெய் ஊறின தோல். இவையெல்லாம் உழைப்புக்கு. அடிப்பாகத்தில் டிராக்டர் டயர் மாதிரி ஆழமான பள்ளங்கள் இருந்தன. ஹீல் என்பதே இல்லாமல் தட்டையாக இருந்தது. அவை அவளுடைய சொந்தத் திட்டத்துக்கு.

விற்றவர் நல்ல மனுஷர், எச்சரித்தார். "இது முற்றத்து வேலைக்கு மட்டும்தாம்மா. இதைப் போட்டுக்கிட்டுக் குதிரை ஏறினா, கால் வைக்கிற அங்கவடியில இந்தப் பள்ளம் மாட்டிக்கும். ஹீலும் இல்ல, கால் முழுசா உள்ள போயிடும். விழுந்தா விடாது, குதிரை இழுத்துக்கிட்டே ஓடும்."

"அதான் வேணும். கட்டிக் கொடுங்க," என்றாள் அவள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கட்டிக்கொடுத்தார்.

அனுபவப்பட்ட சவாரிக்காரன் எவனும் அந்த அடியோடு அங்கவடியில் கால் வைக்கமாட்டான் என்பது அவள் கணக்கு. பழைய சவாரி பூட்ஸை அன்றைக்கே யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாள். அதன் பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினாள்.

இப்போது அந்த பூட்ஸைப் புரட்டிப் பார்த்தாள்.

முன்பாதத்தில் பள்ளங்கள் இல்லை. அரம் போட்டு வழவழவென்று இழைத்திருந்தது. பின்னால் ஒரு விரற்கடை உயரத்துக்கு ஹீல் முளைத்திருந்தது. விளிம்பில் மை பூசி, வார்ப்போடு வார்ப்பாக, மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாதபடி செய்த வேலை. தினமும் இருட்டோடு கிளம்பிப்போய், திரும்பி வந்ததும் பூட்ஸைத் தானே கழுவிக் கொல்லைப்புறம் வைத்துக்கொண்டாரே, ஏன் என்று இப்போதுதான் விளங்கியது. ஹீலில் ஏழு ஆணிகள். ஏழும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

ஆணியை அப்படிச் சாய்த்து அடிக்கிறவன் அவளுக்குத் தெரிந்து ஒருவன்தான். இடது கைக்காரன். பத்து வருஷமாக அவள் பக்கத்து மணையில் உட்கார்ந்து வேலை செய்கிற கொழுந்தன். காலையிலிருந்து அண்ணன் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல், வாசலில் நாற்காலியை இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்குமாக நகர்த்திக்கொண்டிருந்தான். துக்கத்தில் இருக்கிறான் என்றல்லவா அவள் நினைத்தாள்!

"அவனைக் கூப்பிடு," என்றாள் கொக்கிடம்.

கொழுந்தன் வந்தான். அவள் கையில் பூட்ஸ் தலைகீழாக இருப்பதைப் பார்த்ததுமே கதவைச் சாத்தினான்.

"யார் வேலை இது?"

"அண்ணி..."

"ஆணி சொல்லுது. உன் வாயால சொல்லு."

"நான்தான் அண்ணி."

"எப்போ?"

"எட்டு மாசம் ஆச்சு."

"எட்டு மாசம்! என் கையால டீ வாங்கிக் குடிச்சுக்கிட்டு, என் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு, என் புருஷனைக் கொல்ல ஹீல் வச்சிருக்கே. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் அனுப்பி வச்சிருக்கீங்க." அவள் குரல் உடைந்தது. "முதலாளியம்மா வரட்டும். இந்தக் கொக்கு வேலைக்கு இன்னைக்கு வைக்கிறேன் வேட்டு."

கொக்கு வாயைத் திறந்தான். கொழுந்தன் கையைக் காட்டித் தடுத்துவிட்டுத் தானே பேசினான்.

"அண்ணன் மொதல்ல வந்து கேட்டப்போ நான் முடியாதுன்னுட்டேன். 'அண்ணி எதுக்கு அதை வாங்கினாங்கன்னு தெரியும், கெடுக்கமாட்டேன்'னேன். சரின்னு போயிட்டாரு. மறுநாளே அந்த பூட்ஸோடயே ஏறியிருக்காரு."

"அதைப் போட்டுக்கிட்டா?"

"இறங்கும்போது கால் சிக்கிக்கிச்சு," என்றான் கொக்கு. "ஒத்தைக் கால்ல தொங்கினாரும்மா. குதிரை மிரண்டிருந்தா தலை சிதறியிருக்கும். நான் கடிவாளத்தைப் பிடிச்சுக்கிட்டு நாடாவை அறுத்துதான் எடுத்தேன்."

அவளுக்கு நினைவு வந்தது. அறுந்த நாடாவுக்குப் பதில் புது நாடா கோத்துக் கொடுத்தவளே அவள்தான். எங்கேயோ ஆணியில் மாட்டிக்கொண்டதாகச் சொல்லியிருந்தார்.

"அப்பவும் நிறுத்தலை," என்றான் கொழுந்தன். "என்ன ஆனாலும் ஏறத்தான் போறாருன்னு தெரிஞ்சுபோச்சு. உங்ககிட்ட சொல்லியிருக்கணும், தப்புதான். சொன்னா வேலையையே விடச் சொல்லுவீங்க, வீட்டுல உக்காந்தா ஆறே மாசத்துல போயிடுவேன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. நான் என்ன பண்ணுவேன்? கால் தானா வெளிய வர்ற மாதிரியாவது ஆகட்டும்னு வச்சேன்."

கடைக்காரி புருஷனின் காலைப் பார்த்தாள். அவருடைய கால் விரல்கள் வெறுமையாக, சற்றே விலகிக் கிடந்தன.

"இன்னைக்கு?" என்றாள் கடைசியில்.

"நடைதாம்மா போட்டாரு. ரெண்டு சுத்து," என்றான் கொக்கு. "மூணாவது சுத்துல தலை சாஞ்சுது. நான் ஓடுறதுக்குள்ள சரிஞ்சுட்டாரு. ரெண்டு காலும் சிக்கலை. குதிரை அங்கேயே நின்னுடுச்சு. முகத்துல ஒரு கீறல்கூட இல்ல, பாருங்க."

அவள் பார்த்தாள். உண்மைதான், ஒரு கீறல்கூட இல்லை. எட்டு மாதம் அவர் குதிரை மேல் உட்கார்ந்திருந்ததை இந்த நெட்டைக்காலன் பார்த்திருக்கிறான், தான் பார்க்கவில்லை என்பதை நினைத்தபோது வயிறு எரிந்தது.

வாசலில் கார் நின்றது. முதலாளியம்மா உள்ளே வந்து உடலருகே கைகட்டிச் சற்று நேரம் நின்றாள். பிறகு கடைக்காரியின் தோளைத் தொட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கேக்கக் கூடாத நேரம்தான். ஆனா மனசு ஆறலை. செம்பழுப்புக் குதிரை முதுகுல சேணம் போட்ட வேர்வை இருந்துச்சு. யாரைக் கேட்டாலும் தெரியாதுங்கிறான். எனக்குத் தெரியாம இவரை யாராவது ஏத்திவிட்டாங்களா?" அவள் கண் கொக்கின் மேல் போய் நின்றது. "அப்படின்னா அவனுக்கு இனிமே என் லாயத்துல இடமில்ல."

கொக்கு சுவரோடு ஒட்டிக்கொண்டான். கொழுந்தன் தரையைப் பார்த்தான். கடைக்காரி இரண்டு பூட்ஸையும் நெஞ்சோடு, அடிப்பாகம் தன் பக்கமாக இருக்கும்படி அணைத்துக்கொண்டாள்.

"எனக்கு சத்தியம் பண்ணியிருந்தாரும்மா," என்றாள்.

"தெரியும். காப்பாத்தினாரான்னுதான் கேக்குறேன்."

"நான் வாங்கிக் கொடுத்த பூட்ஸைப் போட்டுக்கிட்டுக் குதிரை ஏற முடியாதும்மா. அதுக்காகவே நாலு கடை அலைஞ்சு வாங்கினது. வித்தவரையே வேணும்னா கேட்டுப் பாருங்க."

முதலாளியம்மா அவள் முகத்தையும் பூட்ஸையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பினாளோ இல்லையோ, தலையை ஆட்டினாள். பிறகு வெளியே போய் மற்றவர்களோடு உட்கார்ந்துகொண்டாள்.

கொக்கு சுவரோடு வழுக்கித் தரையில் உட்கார்ந்தான். காலை நீட்டி, முகத்தை மூடிக்கொண்டு, அப்போதுதான் அழ ஆரம்பித்தான். நீட்டிய கால் அவளுக்கு நேரே இருந்தது. வலது ஹீல் ஒரு பக்கமாகத் தேய்ந்து தட்டையாகிப் போயிருந்தது.

"இதைப் போட்டுக்கிட்டா நீ ஏறுறே?"

"வேற இல்லம்மா."

"கழட்டு."

"இப்பவா?"

"கழட்டுடான்னா."

அவன் கழற்றினான். காலுறையின் ஓட்டை வழியாகக் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. அவள் அதை வாங்கிக்கொண்டு, வீட்டின் முன்பக்கம், பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால் இருந்த கடைக்குள் போய் மணையில் உட்கார்ந்தாள். கொழுந்தன் பின்னாலேயே வந்து, கேட்காமலே ஆணிப் பெட்டியைத் திறந்து நீட்டினான்.

வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் உள்ளே கேட்ட சுத்தியல் சத்தத்துக்கு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ ஒருவர் எழுந்து ஷட்டருக்கு அடியில் குனிந்து பார்த்தார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தார்.