வெள்ளையடித்த முளைக்குச்சிகள்

நிலத்தைச் சும்மா போட்டு வைத்திருக்கிறவரை நம்பக் கூடாது என்பது காத்தாயியின் கட்சி. காய்ச்சலில் படுத்தவர் போடலாம். கோர்ட்டுக்கு அலைகிறவர் போடலாம். கை கால் நன்றாக இருக்கிற ஒருவர், மூன்று காணிக் கரிசலை மூன்று வருஷமாக ஏர் படாமல் போட்டுவிட்டு, "ஏன் சார்?" என்று கேட்டால் "சும்மாதாங்க" என்று சிரித்தால், அதில் ஏதோ இருக்கிறது.

அப்படிச் சிரித்தவர் வைத்திலிங்கம். திருச்சியில் ஒரு காலேஜில் விலங்கியல் வாத்தியார். குன்னத்துக்குத் தெற்கே இருந்த அந்த நிலத்தை அவர் அப்பா கடைசி மூச்சு வரை உழுதார். அவர் இறந்த வருஷமே மகன் மாட்டை விற்றார், கிணற்று மோட்டாரை விற்றார், நிலத்தை அப்படியே விட்டுவிட்டார். முதல் வருஷம் கோரையும் நாயுருவியும் மண்டின. அடுத்த வருஷம் ஊசிப்புல் இடுப்பளவு நின்றது. மூன்றாம் வருஷம், அதாவது எண்பத்து மூன்றில், நல்ல மழை பெய்து ஊரே பருத்திக்கும் கொத்துமல்லிக்கும் ஓடிக்கொண்டிருந்தபோது அங்கே வேலங்கன்றுகள் தலை தூக்கியிருந்தன. முயல் குட்டி போட்டிருந்தது. விடிந்தால் கவுதாரி கத்தியது.

அந்த நிலத்தை ஒட்டி காத்தாயியின் ஒரு காணி. அவள் மாமனார் வைத்திலிங்கத்தின் அப்பாவிடம் பண்ணைவேலை பார்த்தவர். ஆயுசெல்லாம் அடுத்தவர் நிலத்தில் குனிந்து, கடைசியில் தனக்கென்று வாங்கிய மண் அது. அதில் ஒரு சாண் சும்மா கிடந்தாலும் காத்தாயிக்குச் சோறு இறங்காது. வரப்பில்கூடத் துவரை ஊன்றியிருந்தாள்.

இன்னொன்றும் அவளுக்கு உறுத்தியது. பெரியவர், வைத்திலிங்கத்தின் அப்பா, இருந்தவரை அவளை "ஏ புள்ள" என்றுதான் கூப்பிடுவார். மகனோ "வாங்க", "சொல்லுங்க" என்கிறார். திடீரென்று ஏன் இவ்வளவு மரியாதை?

கார்த்திகை பிறந்ததிலிருந்து வைத்திலிங்கம் லீவு நாளெல்லாம் வர ஆரம்பித்தார். கழுத்தில் பைனாகுலர் தொங்கும். பொழுது சாயும்போது புல்லுக்குள் போய் உட்கார்ந்தால் இருட்டும்வரை எழுந்திருக்கமாட்டார். மோட்டார் கொட்டகையிலேயே படுத்துக்கொண்டு காலையில் பஸ் ஏறிவிடுவார்.

அப்புறம்தான் முளைக்குச்சிகள் வந்தன.

ஆட்டுக்குட்டி ஒன்றைத் தேடிப் புல்லுக்குள் நுழைந்தபோது காத்தாயி அவற்றைப் பார்த்தாள். முழங்கை நீளக் குச்சிகள். தலையில் வெள்ளை அடித்து, சிவப்புத் துணி கட்டி, அங்கொன்றும் இங்கொன்றுமாக அடித்திருந்தது. ஒவ்வொரு குச்சிக்குப் பக்கத்திலும் புல் வட்டமாக அமுங்கிக் கிடந்தது. அங்கே தரையில் சுண்ணாம்பு தெளித்தாற்போல வெள்ளைத் திட்டுகள்.

இதே மாதிரிக் குச்சியை அவள் முன்பே பார்த்திருக்கிறாள்.

அவள் அக்கா ஆண்டாயி வாக்கப்பட்ட ஊர் அரியலூருக்கு அந்தப் பக்கம். அங்கேயும் இப்படித்தான் ஆரம்பித்தது. யாரோ வந்து துளை போட்டு மண் எடுத்தார்கள். வெள்ளைத் தலைக் குச்சி அடித்தார்கள், சிவப்புத் துணி கட்டினார்கள். பெரிய நிலத்துக்காரர் முதலில் சிமென்ட் கம்பெனிக்குக் கொடுத்தார். நடுவில் மாட்டிக்கொண்ட சின்ன நிலத்துக்காரர்கள், வண்டிப்பாதையும் போய் கிணறும் வற்றிய பிறகு தாங்களாகவே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இப்போது ஆண்டாயியின் கடலைக் கொல்லை இருந்த இடத்தில் பனைமர ஆழத்துக்குச் சுண்ணாம்புப் பள்ளம். ஆண்டாயி அதே பள்ளத்தில் கூலிக்குக் கல் பொறுக்குகிறாள்.

அன்று காத்தாயி மூன்று குச்சிகளைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டு வந்தாள்.

"எங்க போயிட்டு வர? சேல பூரா ஊசி குத்திக்கிட்டு நிக்கிது" என்றான் அவள் புருஷன் மாயவன்.

"குட்டியத் தேடிப் போனேன்."

"குட்டி காலையிலேருந்து இங்கதான் படுத்திருக்கு."

அவள் குச்சிகளை எடுத்துப் போட்டாள். மாயவன் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இவரு கம்பெனிக்கு வித்துட்டாருய்யா. ஒங்க அப்பன் முதுகு ஒடிஞ்சு வாங்குன மண்ணு அடுத்தாப்புல போவப்போவுது."

"அவரு குருவி பாக்குற ஆளுடி. கண்ணுல கொழா வச்சிக்கிட்டு இருக்காருல்ல."

"குருவி பாக்க மூணு காணியத் தரிசாப் போடுவாங்களா? அப்ப நான் காக்கா பாக்கப் போறேன், நீ களை எடு."

மாயவன் குச்சிகளை வீணாக்காமல் ஆடு கட்ட அடித்துவிட்டான்.

அடுத்த லீவுக்கு வந்த வைத்திலிங்கம் வண்டிப்பாதையில் நின்று, காத்தாயியின் ஆடுகளைப் பார்த்தார். ஆடு கட்டியிருந்த முளையைப் பார்த்தார். அவள் சேலை ஓரத்தைப் பார்த்தார்.

"ஆடு நல்லா இருக்குங்க" என்றார்.

"இருக்கு சார்" என்றாள்.

அவ்வளவுதான். அவர் போய்விட்டார். அன்று சாயங்காலம் அதே இடங்களில் புதுக் குச்சிகள் நின்றன.

இதுதான் அவளைத் தூங்கவிடவில்லை. பறிகொடுத்தவர் பெரியவராக இருந்திருந்தால் ஊர் கூடுகிற அளவுக்குக் கத்தியிருப்பார். "எவ என் குச்சியத் தொட்டவ?" என்று கேட்டிருப்பார். கேட்டிருந்தால் அவளும் பதிலுக்குக் கேட்டிருப்பாள், விஷயம் வெளியே வந்திருக்கும். கண் முன்னால் தன் பொருளைப் பார்த்துவிட்டும் ஒருவர் வாயைத் திறக்கவில்லை என்றால், திறக்க முடியாத காரணம் இருக்கிறது. அவள் மறுபடி பிடுங்கினாள். அவர் மறுபடி அடித்தார். ஆடுகளை விட முளைகள் அதிகமாகிவிட்டன.

மார்கழிப் பாதியில் ரோட்டில் ஒரு ஜீப் வந்து நின்றது. பேண்ட் போட்ட இரண்டு பேர் இறங்கி வைத்திலிங்கத்தோடு வெகுநேரம் பேசினார்கள். ஒருவன் கையை நீட்டி நிலத்தைக் காட்டினான். அந்தக் கை அப்படியே நகர்ந்து காத்தாயியின் பருத்தியையும் காட்டியது. பருத்திக்குள் குனிந்திருந்த அவளுக்குப் பேச்சு ஒரு சொல்லும் கேட்கவில்லை. கை தெரிந்தது, அது போதும்.

போகியன்று கொளுத்திவிடுவது என்று அப்போதே முடிவு செய்தாள்.

போகி விடியலில் ஊரெல்லாம் பழைய பாயும் துடைப்பமும் எரியும். எந்தப் பொறி எங்கே பறந்தது என்று யார் கேட்கப் போகிறார்கள்? புல் எரிந்தால் தரை தெரியும். துளை போட்டிருந்தால் தெரியும். ஊரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டலாம். நாளைக்கு நம் நிலத்துக்கும் இதுதான் என்று எல்லோரும் சேர்ந்து தடுக்கலாம். ஆண்டாயி ஊரில் எடுத்துக் காட்ட ஆள் இல்லாமல்தான் குடி கெட்டது.

போகியன்று கிழக்கு வெளுப்பதற்கு முன் மாயவன் வாசலில் பழைய கூடைகளைக் குவித்துக் கொளுத்தினான். அதிலிருந்து ஒரு ஓட்டுச் சட்டியில் கங்கை அள்ளிக்கொண்டு காத்தாயி கிளம்பினாள். அக்குளில் பருத்திமார், போன வருஷம் பிடுங்கிக் காய்ந்த பருத்திச் செடிகள், ஒரு கட்டு. புல்லில் பனி இறங்கியிருக்கும், பருத்திமார் இல்லாமல் பிடிக்காது.

வரப்பைத் தாண்டிப் புல்லுக்குள் இறங்கினாள். காற்று மேற்கே போயிற்று, அவள் பருத்திக்கு ஆபத்தில்லை. நடுவாகப் போய் வைக்கலாம் என்று நடந்தாள். ஒரு வெள்ளைத் தலை தெரிந்தது. பக்கத்தில் பருத்திமாரை வைத்துக் குனிந்தபோது, காலடியில் தரை எழுந்தது.

அவளுக்கு அப்படித்தான் இருந்தது. தரையில் ஒரு துண்டு பிய்ந்து, முகத்தில் காற்று அடிக்க, சத்தமில்லாமல் மேலே போனது. அடுத்த குச்சியருகே இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று. அரை வெளிச்சத்தில் சாம்பலும் வெள்ளையுமாக, நீண்ட இறக்கைகளின் நுனி மட்டும் கரி பூசினாற்போல. புல்லின் தலையைத் தொட்டுக்கொண்டு வட்டமடித்து, ஒன்றன்பின் ஒன்றாக அவள் பருத்திக்கு மேலே தாழப் பறந்து போயின.

காத்தாயி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். புல் அமுங்கியிருந்த வட்டத்தில் கை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. கோழி எழுந்த கூடை இப்படித்தான் இருக்கும். சுண்ணாம்பு என்று நினைத்த திட்டு விரலில் ஈரமாக ஒட்டியது. எச்சம். பக்கத்தில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு உருண்டை, பிய்த்துப் பார்த்தால் எலிமயிரும் வெட்டுக்கிளிக் காலும்.

"எல்லாம் போயிடுச்சுங்க" என்று ஒரு குரல் கேட்டது.

வேலங்கன்று மறைவில் வைத்திலிங்கம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேற்றே வந்திருக்க வேண்டும். அவர் பார்வை பருத்திமாரிலும் சட்டியிலும் நின்றது.

"சட்டியில என்னங்க?"

"கங்கு."

"எதுக்கு?"

"சும்மாதான்" என்றாள் காத்தாயி.

ஊர்ப்பக்கம் புகை எழுந்துகொண்டிருந்தது.

"என்னா சார் அது?"

"பூனைப்பருந்துங்க. வடக்கே ரொம்ப தூரத்துலேருந்து பனிக்காலத்துக்கு வருது. மரத்துல அடையாது, தரையிலதான் படுக்கும். உழாத தரையா, புல்லா இருக்கணும். மூணாவது வருஷந்தான் வந்துச்சு."

"முளை?"

"எது எங்க படுக்குதுன்னு அடையாளம்."

"அத மொதல்லயே வாயத் தெறந்து சொன்னா என்னா?"

அவர் கம்பளி நுனியை முறுக்கினார். "சொன்னா புடிச்சிடுவாங்களோன்னு இருந்துச்சு."

"யாரு?"

"முளையப் புடுங்குறது நீங்கன்னு தெரியும். ஒங்க சேலையில இந்தப் புல்லு இருந்துச்சு. படுக்குற எடம் பாத்துக் கண்ணி வைக்கப் போறீங்கன்னு நெனச்சேன். அதான் காவலுக்கு..."

"பருந்துக்கா? கண்ணியா?" காத்தாயிக்குக் கோபத்தில் குரல் எழும்பியது. "எங்களப் பத்தி என்னான்னு நெனச்சீங்க சார்? எங்க மாமனாரு இந்த மண்ணுல ஒங்க வூட்டுக்கு எத்தன மூட்ட அள்ளிக் கொட்டியிருப்பாரு!"

வைத்திலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புத்தாங்க" என்றார். சொல்லிவிட்டு, பருத்திமாரைப் பார்த்தார்.

காத்தாயி அதைக் காலால் பின்னால் தள்ளினாள். "அது இருக்கட்டும். அந்த ஜீப்பு யாரு?"

"கம்பெனி ஆளுங்க."

கங்கின் சூடு சட்டியைத் தாண்டி அவள் விரலைச் சுட்டது. கீழே வைக்கவில்லை.

"என்னா சொன்னீங்க?"

"குடுக்கறதா இல்லன்னேன். தைக்கு மேல திரும்ப வரேன்னுட்டுப் போயிருக்காங்க."

"வந்தா?"

"அப்பவும் இல்லன்னுதான் சொல்லுவேன்."

"இன்னம் பத்து வருஷம் கழிச்சு?"

"நான் இருக்கறவரைக்கும் இல்லங்க. அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது."

ஆண்டாயி ஊரில் பெரிய நிலத்துக்காரர் கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்தார். அதற்கப்புறம்தான் விற்றார். இந்த மனிதர் சத்தியமும் செய்யவில்லை, சிரிக்கவும் இல்லை. முழுக்க நம்பலாமா? காத்தாயிக்குத் தெரியவில்லை.

"அப்ப ஒண்ணு செய்ங்க" என்றாள். "அடுத்த தடவ ஜீப்பு வந்தா ரோட்டுல நின்னு குசுகுசுன்னு பேசாதீங்க. எங்க வூட்டு வாசலுக்குக் கூட்டியாங்க. அங்க நின்னு, எனக்குக் காதுல விழறாப்புல இல்லன்னு சொல்லுங்க."

"சரிங்க."

"இன்னொண்ணு. குச்சிக்கு வெள்ளையடிக்காதீங்க. சிவப்புத் துணியும் வேணாம். பாத்தாலே ஈரக்கொல நடுங்குது."

"சரிங்க" என்றார் மறுபடி. குளிரில் பல் தந்தியடித்தது. இரவெல்லாம் பனியில் இருந்திருப்பார் போல.

காத்தாயி சட்டியை அவர் முன்னால் வைத்தாள். மேலே படிந்த சாம்பலை ஊதிவிட்டாள். பருத்திமாரைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

வீட்டில் முளைகளையெல்லாம் பிடுங்கினாள். அரிவாளால் வெள்ளையைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது மாயவன் பார்த்துவிட்டு, "ஆட்ட எதுல கட்டுறது?" என்றான்.

"ஒங் கால்ல கட்டு."

மறுநாள் பொங்கல். படைத்துச் சாப்பிட்டு, பொழுது சாய்கிற நேரத்துக்கு முளைகளைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு அவள் கிளம்பினாள்.

"என்னா, நீயும் குருவி பாக்கப் போறியா?"

"குருவியா? அந்தாளு நெசமாவே குருவிதான் பாக்குறாரான்னு பாக்கப் போறேன்."

முளைகளை மோட்டார் கொட்டகை வாசலில் போட்டுவிட்டு வரப்பில் துவரை மறைவில் உட்கார்ந்தாள். தூரத்தில் வேலங்கன்றுக்குப் பக்கத்தில் கம்பளி அசையாமல் இருந்தது. ரோட்டைப் பார்த்தாள். ஜீப் எதுவும் இல்லை. திரும்பினபோது, அவள் பருத்திக்கு மேலே, நுனி கறுத்த இறக்கையை அசைக்காமல் ஒன்று வந்துகொண்டிருந்தது. காத்தாயி துவரைச் செடியோடு இன்னும் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.