நெட்டா நடந்து போன பாதை

ரோனா சமையலறைக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றாள். வெளியே யாரோ இரண்டு விரலால் மரியாதையாகத் தட்டினார்கள்.

"மேடம், நாங்க வந்துட்டோம். கதவு பூட்டியிருக்கு போல."

"பூட்டல. தாழ்ப்பாள் போட்டிருக்கேன். முன்வாசல் பக்கமா வாங்க."



"இதுதானே மேடம் முன்வாசல்?"

கூடத்தில் ஜன்னலோரமாக வைத்திருந்த பெட்டிக்குள் படுத்திருந்த அவள் அம்மா நெட்டா உயிரோடு இருந்திருந்தால், இந்தக் கேள்விக்கு வாய்விட்டுச் சிரித்திருப்பாள். ஆக்கன்ரிக் என்ற இந்த ஊருக்குப் புதிதாக வரும் ஒவ்வொருவரும் இதே இடத்தில்தான் தடுமாறுவார்கள். இந்த ஊரில் வண்டி வந்து நிற்பது வீட்டின் முதுகுப்புறம். அங்கே கேரேஜ்களும் குப்பைத்தொட்டிகளும்தான் இருக்கும். வீட்டின் முகம் நடைபாதையைப் பார்த்திருக்கும். காருக்கு ஒரு வழி, மனிதருக்கு ஒரு வழி என்று காகிதத்தில் கோடு போட்டு, வெறும் புல்மேட்டில் எழுப்பிய ஊர் இது. வீட்டுப் படியிறங்கினால் பள்ளிக்கூடம், கடை, சர்ச் எதற்கும் ரோட்டில் கால் வைக்காமலே போகலாம். ரோடு குறுக்கிட்டால் அடியில் சுரங்கப்பாதை இருக்கும், இல்லாவிட்டால் மேலே நடைபாலம் இருக்கும். ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் கேமராவோடு வந்து பார்த்தார்கள். அப்படி வந்த ஒருவன் கொடியில் காய்ந்த துணியைப் படமெடுக்கப் போக, நெட்டா துடைப்பத்தோடு அவனைச் சுரங்கப்பாதை வரை விரட்டியதை ஊரே சொல்லிச் சிரிக்கும்.

"என்ன பண்ற நீ?" அண்ணன் கோர்டன் கறுப்பு டையை இறுக்கியபடி மாடியிலிருந்து இறங்கி வந்தான். முந்தைய நாள்தான் அபர்டீனிலிருந்து வந்திருந்தான். "கதவத் திற. பன்னண்டு அடியில வண்டி நிக்குது."

"அப்பாவையும் அந்தப் பன்னண்டு அடிதான் கொண்டுபோனோம்."

அப்பாவை அன்றைக்கு இந்தக் கதவு வழியாகத்தான் எடுத்தார்கள். அடுப்பை உரசி, கேரேஜ் சந்தில் திருப்பி, வண்டியில் ஏற்றினார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் போனபிறகு நெட்டா தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, "உங்கப்பாவ குப்பைத்தொட்டி வழியா அனுப்பிட்டோம், ரோனா" என்றாள். அதன்பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில், போன வாரம்: "என்னை முன்வாசல் வழியா கொண்டுபோ. பாதையில. வண்டியில ஏத்தாத." ரோனா சரி என்று சொல்லியிருந்தாள்.

முன்வாசலில் மணி அடித்தது. வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்ததில் அடக்கப் பணியாளர் மக்ரே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. இந்தப் பாதையில வண்டி வராது."

"தெரியும். அதுக்காகத்தான் இந்தப் பாதைய போட்டாங்க. தோள்ல தூக்கிட்டுப் போறோம்."

"சர்ச் வரைக்குமா? இறக்கம், ஈர இலை... என்கிட்ட நாலு பேர்தான் இருக்காங்க."

"நான் அஞ்சாவது."

"நான் ஆறு," என்றாள் பக்கத்து வீட்டு டோனா, வேலியைத் தாண்டி எட்டிப் பார்த்து. அவள் நர்ஸ். "ராத்திரி டூட்டியில இதவிட கனமானவங்களப் புரட்டிப் போடுறேன் சார்."

கோர்டன் தங்கையின் முழங்கையைப் பிடித்து நடைக்குள் இழுத்தான். "ரோனா, சர்ச்சுக்குப் போற பாலம் இல்ல. உனக்கு மறந்துபோச்சா? இடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப ரோட்டத் தாண்டித்தான் போகணும்."

"சிக்னல் இருக்கு."

"அம்மா அந்த சிக்னல ஒரு தடவையாவது தாண்டினாங்களா?"

தாண்டவில்லை. சிமெண்டு விரிசல் விட்டதென்று பாலத்தை இடித்துவிட்டு, பட்டனை அழுத்தினால் பச்சை எரியும் சிக்னல் ஒன்றை நட்டார்கள். அன்றிலிருந்து நெட்டா சர்ச்சுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். காரில் கூட்டிப்போகிறேன் என்று ரோனா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "சர்ச்சுக்கு நடந்துதான் போவேன். பாலத்தக் கட்டச் சொல்லு, வர்றேன்," என்றாள். போதகர்தான் வீட்டுக்கு வந்து அப்பமும் திராட்சை ரசமும் கொடுத்துவிட்டுப் போவார்.

"வண்டியில போனாலும் அதே ரோடுதான், கோர்டன்."

"வண்டிக்குள்ள இருக்கிறது வேற," என்றான் அவன். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவன் திரும்பிய பக்கம் கணப்பின்மேல் அவன் தம்பி கோலினின் படம் இருந்தது. கிளாஸ்கோவில் பழைய குடியிருப்பின் வாசலில் எடுத்தது. பல் விழுந்த சிரிப்போடு ஆறு வயதுக் கோலின், படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்ட யாருடைய கையையோ பிடித்துக்கொண்டு நிற்கிறான். ரோனா பிறப்பதற்கு முன்பே அவன் போய்விட்டான். ரோட்டில் நிலக்கரி லாரி மோதியது. ரொட்டி வாங்கப் போனபோது கோர்டனும் கூட இருந்தான் என்பதற்குமேல் அவளுக்கு எதுவும் தெரியாது. அந்த வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை.

அம்மா பேசியது வேறு. புது ஊரில் வீடு தரும் அலுவலகத்துக்குப் போனபோது, எத்தனை அறை, வாடகை என்ன என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க, இவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம்: "பையன் பள்ளிக்கூடம் போக எத்தன ரோடு தாண்டணும்?" ஒன்றுகூட இல்லை அம்மா என்றாராம் அலுவலர். வீட்டைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டாள். பிறகு கூரை ஒழுகியது, சுவரில் பூசணம் ஏறியது, ஊரின் நடுவில் மார்தட்டிக் கட்டிய கடைக் கட்டடத்தைப் பாதி இடித்தார்கள், தொலைக்காட்சியில் இந்த ஊரை வைத்துக் கேலி பேசினார்கள். நெட்டா அசையவில்லை. "ஒழுகட்டும். ரோடு இல்லைல்ல?" என்பாள்.

"நான் வண்டியில வர்றேன்," என்றான் கோர்டன். "நீ உன் இஷ்டப்படி செய். சர்ச் ஹால்ல சாப்பாடு ஆறிப்போச்சுன்னா என்னைச் சொல்லாத."

அவன் சமையலறைத் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு போனான்.

முன்கதவு இரண்டு பக்கமும் விரிந்தது. பெட்டி கால்பக்கம் முன்னாக வெளியே வந்தது. பாதையின் இருபுறமும் இருந்த வீடுகளில் எல்லா ஜன்னல்களிலும் துக்க மரியாதையாகத் திரை இழுத்து மூடியிருந்தது. எல்லா வாசல்களிலும் ஆட்கள் நின்றார்கள். நெட்டா கேட்டது இதைத்தான் என்று ரோனாவுக்கு அப்போதுதான் விளங்கியது. பின்பக்கமாகப் போயிருந்தால் கேரேஜ் கதவுகள் மட்டும்தான் பார்த்திருக்கும்.

எதிர்வீட்டு இஸா தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். நெட்டா வந்த அதே வாரம் குடிவந்தவள்.

"தூக்குறதுக்கு எனக்குத் தெம்பில்ல. வழி காட்டுறேன். ஏய் தம்பி, உயரமா இருக்கியே, கொஞ்சம் குனிஞ்சு நட. ரோனா கண்ணு குள்ளம், பெட்டி சாயுது."

"சரிங்க," என்றான் மக்ரேயின் ஆள்.

"குடி வந்த அன்னிக்கு நானும் இவளும் இதே பாதையில கட்டில் தூக்கிட்டு வந்தோம். லாரி வராதுன்னு எவனும் சொல்லல. பாதி வழியில கட்டிலப் போட்டுட்டு அதுலயே உக்காந்து சாண்ட்விச் தின்னோம். எந்திரிக்கவே மனசு வரல எங்களுக்கு."

தோள் எரிந்தது. டோனா மூச்சோடு அடிகளை எண்ணிச் சொன்னாள். சுரங்கப்பாதைக்குள் நுழைந்தபோது காலடிச் சத்தம் பெருகி, பின்னால் ஊரே வருவதுபோல் கேட்டது. ரோனாவால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. வெளிச்சத்துக்கு வந்தபிறகும் அந்தச் சத்தம் குறையவில்லை. வாசலில் நின்றவர்கள் எல்லோரும் நடக்கத் தொடங்கியிருந்தார்கள்.

பாலம் இருந்த இடத்தில் இரண்டு சிமெண்டுக் கட்டைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அதற்குக் கீழே சரிவில் இறங்கினால் ரோடு. இஸா பட்டனை அழுத்தினாள். பச்சை வந்தது. முதல் அடி வைப்பதற்குள் மினுக்கத் தொடங்கிவிட்டது.

"இரு, இரு," என்றாள் இஸா. மறுபடி அழுத்தினாள். இந்தத் தடவை ரோனாவின் கால் ஓரக்கல்லில் வழுக்கியது. பெட்டி ஒரு பக்கம் அசைந்து நின்றது. மறுபடி சிவப்பு. கார்கள் சீறிப் போயின.

"மேடம், வண்டிய இங்க வரச் சொல்லட்டுமா?" மக்ரே மெதுவாகக் கேட்டார். "இதுவரைக்கும் வந்ததே பெரிசு."

"வேண்டாம்."

"உங்க கால் வழுக்குதே."

"வழுக்கட்டும். மறுபடி அழுத்துங்க இஸா."

அப்போதுதான் கறுப்பு வண்டி ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டு வருவதை அவள் பார்த்தாள். உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் காலியிடம், முன்னிருக்கையில் கோர்டன். வண்டி சிக்னலுக்குச் சற்று முன்னால் ஓரமாக நின்றது. கதவு திறந்தது. அவன் இறங்கி, ஓரக்கல்லின் மேல் நின்றான். நெடுநேரம் நின்றதுபோலிருந்தது. மேட்டிலிருந்து பெரிய லாரி ஒன்று இறங்கி வந்துகொண்டிருந்தது.

கோர்டன் ரோட்டில் கால் வைத்தான். நடுவில் போய் நின்று லாரியைப் பார்த்து வலது கையை உயர்த்தினான். லாரி பெருமூச்சு விட்டு நின்றது. அதன் பின்னால் கார்கள் நின்றன. எதிர்ப்பக்கமும் நின்றன.

"இப்ப," என்றாள் ரோனா.

ஆறு பேரும் நடந்தார்கள். ஓடவில்லை. சிக்னல் பச்சையானதும் மினுக்கியதும் சிவப்பானதும் யார் கண்ணிலும் படவில்லை. இஸாவின் தடி டக் டக் என்று முன்னால் போனது. பின்னால் வந்தவர்கள் வரிசையாகத் தாண்டினார்கள். எதிர்ப்புறப் பாதையில் கால் வைத்ததும் டோனா, "வந்துட்டோம் நெட்டா," என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

"கோர்டனக் கூப்பிடு கண்ணு," என்றாள் இஸா. "போதும்."

ரோனா திரும்பினாள். சிக்னல் வண்டிகளுக்குப் பச்சை காட்டிக்கொண்டிருந்தது. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. லாரிக்காரன் எஞ்சினை அணைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தான். நடு ரோட்டில் அவள் அண்ணன் வலது கையை இறக்காமல் நின்றான். இடது கை மட்டும் பக்கவாட்டில் சற்றே தாழ்ந்து, விரல்கள் பாதி மடங்கி, சின்னப் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் இருந்தது.

அவள் கூப்பிடவில்லை. பெட்டியின் கனம் தோளில் இருக்க, அவனாக வரட்டும் என்று எல்லோரும் நின்றார்கள்.