ஐந்து கட்டைச் சங்கு

முதலாளி ஆண்டிச்சாமிக்கு விஸ்வநத்தத்தில் பட்டாசு கம்பெனி, சிவகாசியில் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலை காலி. யாராவது என்னை டீச்சர் என்று கூப்பிட மாட்டார்களா என்று நான் ஏங்கிக் கிடந்த 2004ஆம் வருடம் அது.

"நம்ம கம்பெனிப் பொம்பளையாளுக பிள்ளைகதான் அங்க படிக்குது. அவுக தலையாட்டினா வேலை ஒனக்குத்தான் சினேகா" என்றார் முதலாளி. இசைக் கல்லூரியில் மூன்று வருடம் தம்புராவோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இப்படி ஒரு தேர்வுக் குழு.

வெடிமருந்து இருக்கும் இடத்துக்குள் பேட்டரி போகக் கூடாது என்று வாட்ச்மேன் என் சுருதிப் பெட்டியை வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொண்டார். வெறும் தொண்டையோடு போய்ச் சாப்பாட்டுக் கொட்டகையில் என் வழக்கமான சுருதியான ஐந்தரைக் கட்டையில் பாடினேன். எண்பது பெண்களும் பல்வலி வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"சுதி சேரலையே தாயி" என்றார் இருபது வருடமாகத் திரி செருகும் கருப்பம்மாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து வேலை முடியும் சங்கு ஊதியது. சரியாக ஐந்து கட்டை. என்னைவிட அரைக் கட்டை கீழே. தினமும் அதைக் கேட்டு ஊறிய காதுக்கு அதுதான் ஆதார ஸட்ஜம், நான்தான் அபசுரம். போயும் போயும் ஒரு சங்கிடம் தோற்றேன்.

கெஞ்சிக் கூத்தாடி ஆயுத பூஜையன்று இன்னொரு வாய்ப்பு வாங்கினேன்.

"பாட்டு முடிஞ்சதும் வேலை நடக்கணும். தீபாவளி லோடு நிக்கி" என்றார் முதலாளி.

சங்கின் சுருதியிலேயே புதுப் பாட்டு கட்டினேன். ஒவ்வொரு வரியும் ஸட்ஜத்துக்கு முந்திய சுரத்தில் நின்று காதைத் தவிக்க விடும். கடைசி வரியில்தான் சங்கின் ஸட்ஜத்தில் போய் இறங்கும், மூச்சு முட்டும் வரை ஒரே சுரத்தை நீட்டும் கார்வை.

மூன்று மணிக்குப் பாடினேன். பெண்கள் கழுத்தை நீட்டிக் கேட்டார்கள். கார்வையில் நின்றதும் எண்பது பேரும் எழுந்தார்கள். மரியாதை என்று நினைத்துக் கும்பிட்டேன். அவர்கள் என்னைத் தாண்டிக் குழாயடிக்குப் போய்க் கை கழுவி, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்கள்.

முதலாளி குறுக்கே ஓடினார். "மணி மூணுதானத்தா, எங்கன போறீக?"

"தெரியல மொதலாளி. கடைசி வரியக் கேட்டதும் வேல முடிஞ்சிருச்சுன்னு மனசுல பட்டுச்சு, காலு தானா வந்துருச்சு" என்றார் கருப்பம்மாள். கழுவிய கையோடு மறுபடி மருந்தில் உட்கார ஒருத்தரும் தயாராக இல்லை.

"ஒன்னையப் பள்ளிக்கூடத்துல விட்டா பிள்ளைக மத்தியானமே வீட்டுக்குப் போயிரும்" என்று முதலாளி கையை விரித்துவிட்டார்.

அழுகையை அடக்கிக்கொண்டு வாசலில் சுருதிப் பெட்டியைத் திரும்ப வாங்கினேன். பின்னாலேயே வந்த கருப்பம்மாள் என் காதோரம் குனிந்தார்.

"நாளைக்கு ரெண்டு மணிக்கே வந்து பாடுங்க டீச்சர்."