போணிக்கு வந்தவளை என்னவென்று எழுதுவது

1

இந்தக் கதை எதிர்க்கடையிலிருந்து எடுத்தது. திருடியது என்றும் சொல்லலாம். கரீம் பாய் அப்படித்தான் சொல்கிறார். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் அவருடையது ஜவுளிக்கடை, என்னுடையது வளையல் கடை. நடுவே ஒரு மாட்டுவண்டி அகலத்துக்குத் தெரு. நான் எட்டிப் பார்க்கிறவள் இல்லை. என் கல்லாப்பெட்டி அந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"1987ஆம் ஆண்டு, இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரத்தில், ஒரு வாடிக்கையாளர் மலையிலிருந்து இறங்கி—"

அடித்துவிட்டேன். மலையிலிருந்து வந்த சாலம்மாளைக் கரீம் பாய் வாடிக்கையாளர் என்று நினைத்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

2

சரி, வேறு என்ன எழுதுவது? எங்கள் தெருவில் வாங்க வருகிறவர்களுக்கு வார்த்தைப் பஞ்சமே இல்லை. மொத்தமாக எடுத்தால் பார்ட்டி. கட்டுக்கட்டாகப் பிரிக்க வைத்துவிட்டு 'அப்புறம் வரேன்' என்று போனால் கிராக்கி. பரம்பரையாக வந்தால் வாடிக்கை. மாடியில் இருக்கும் வக்கீலுக்கு அதே மனிதர் கட்சிக்காரர், மருந்துக்கடை டாக்டருக்குக் கேஸு, கண்டக்டருக்கு டிக்கெட்டு. டீக்கடையில் நாமெல்லாம் வெறும் 'ரெண்டு ஸ்ட்ராங்கு, ஒரு லைட்டு'. அரசாங்கம் நுகர்வோர் என்கிறது. அப்படிக் கூப்பிட்டுப் பாருங்கள், தெருவில் ஒருத்தர்கூடத் திரும்ப மாட்டார்.

பாய் கடையில் இதற்கெல்லாம் வாயே திறக்க வேண்டாம், பாய் விரிப்பே சொல்லிவிடும். வாடிக்கை என்றால் கோரைப்பாயைத் தட்டிப் போட்டு உட்கார வைப்பார், சோடா வரும். மற்றவர்கள் படிக்குக் கீழே நின்று வாங்கிக்கொண்டு போவார்கள். மலைக்காரர்கள் எப்போதும் நின்றுதான் வாங்கினார்கள். யாரும் அவர்களை நிற்கச் சொன்னதில்லை. உட்காரச் சொன்னதும் இல்லை.

3

கச்சிராயபாளையம் சாலையில் ஒரு புளியமரம் குறுக்கே விழுந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் ராஜாங்கம். கரும்பு வயல்காரர், கரீம் பாய்க்கு அப்பா காலத்து வாடிக்கை. மறியலுக்காக மரத்தை வெட்டச் சொன்னவரும் அவர்தான். மலையிறங்கி நடந்து வந்த சாலம்மாளை நிறுத்தினார்.

"எங்கம்மா போற? பஸ்ஸு கிடையாது, தெரியுமில்ல?"

"நா எப்ப ஐயா பஸ்ஸுல போனேன்? பொண்ணு கல்யாணம் நாளன்னிக்கு. கூறைச் சேலை எடுக்கப் போறேன்."

"அப்பிடியா, போ போ. நாங்க வண்டியத்தான் மறிக்கிறோம். கரீம் பாய் கடைக்குப் போ. ராஜாங்கம் அனுப்பிச்சாருன்னு சொல்லு, நல்லதா குடுப்பாரு."

நல்ல மனிதர். அதுதான் வம்பே.

(இதை நான் பார்க்கவில்லை. சாலம்மாள் பிறகு என் கடையில் தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னாள். நாற்காலி மட்டும் என் கைச்சரக்கு. அது புரட்டாசி மாதம். புரட்டாசியில் கல்யாணமா என்று கேட்காதீர்கள். நானும் கேட்டேன். "உங்க மாசம் உங்களுக்கு" என்றாள்.)

4

மறியலால் தெருவில் ஈ காக்கை இல்லை. கரீம் பாய்க்கு அந்த வாரம் முழுக்கப் போணியே ஆகவில்லை.* அரைக்கதவு திறந்து உட்கார்ந்திருந்தார். சாலம்மாள் வந்து படிக்குக் கீழே நின்றாள்.

"ராஜாங்கம் ஐயா அனுப்பிச்சாரு பாய். கல்யாணக் கூறை வேணும்."

அவருக்கு இது தினப்படி சமாச்சாரம். எடுத்து வைக்கச் சொன்ன சரக்கை வாங்கிப்போகப் பெரிய வீடுகளிலிருந்து ஆள் வரும், இவர் கட்டிக் கொடுத்து அனுப்புவார். ராஜாங்கம் தன் மகள் செந்தமிழ்ச்செல்விக்கு ஐப்பசியில் கல்யாணம் வைத்திருந்தார். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட கூறையைத் தானே தேர்ந்தெடுத்து, எடுத்து வைக்கவும் சொல்லியிருந்தார். கடையில் இருந்த ஒரே கூறை அதுதான். சேலத்திலிருந்து வரவேண்டிய மூட்டை எந்தப் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறதோ!

சாலம்மாளையும் அப்படி வந்த ஆள் என்று நினைத்துப் பாய் கூறையை எடுத்தார், மஞ்சள் பையில் போட்டார், அவள் கையில் கொடுத்தார். "பத்திரமாக் கொண்டு போ."

அவள் போகவில்லை. பையிலிருந்து எடுத்தாள். "விரிச்சுக் காட்டு பாய்."

வாங்கிப்போக வந்த ஆள் விரிக்கச் சொல்வதில்லை. பாயின் முகம் மாறியது. (எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. கண்ணாடி போடாமலேயே.)

"உனக்காம்மா எடுக்குற?"

"எம் பொண்ணுக்கு. வேற யாருக்கு?"

"இல்லம்மா, இது பெரியவரு சொல்லி வெச்சது. இங்க குடு. வேற நல்ல சேலையாத் தரேன்."

"கையில குடுத்துட்டு இன்னா பாய் திரும்பக் கேக்குற? போணி வேற."

\* போணி: அன்றைய முதல் வியாபாரம். போணிக்காரர் கையில் கொடுத்த சரக்கைத் திரும்ப வாங்கக் கூடாது என்பது பாயின் அத்தா வைத்துவிட்டுப் போன வழக்கம். பாய் இதுவரை மீறியதில்லை.

5

இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் பாய் கூறையைப் பிடுங்கிக்கொள்கிறார், சாலம்மாள் அழுதுகொண்டே— இல்லை. பாய் எனக்கு நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புகிறவர். இதை எழுதினால் அதோடு நின்றுவிடும்.

இரண்டாவதில் சாலம்மாளே பெருந்தன்மையாக, "பெரியவங்க சரக்கு எனக்கெதுக்கு" என்று திருப்பிக் கொடுக்கிறாள். வாசகர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அந்தச் சாலம்மாளை நான் பார்த்ததில்லை.

நான் பார்த்தவள் இதைச் சொன்னாள்:

"பாய், நா மலையிலேர்ந்து நடந்து வந்துருக்கேன். அவரு ரோட்ட மறிச்சுக்கினு குந்திக்கினு இருக்காரு. யாருக்கு அவசரம், நீயே சொல்லு."

பாய் என்னைப் பார்த்தார். "இன்னா கண்ணகிம்மா, வாயத் தொறந்து ஒண்ணு சொல்லேன். எப்பவும் பேசிக்கினே இருப்ப!"

"எங் கடையா அது?" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். பிறகு கோரைப்பாயை எடுத்து இரண்டு தட்டுத் தட்டிப் போட்டார்.

"உக்காருங்கம்மா. விரிச்சுக் காட்டறேன்."

அவள் உட்காரவில்லை. தலைப்பு வரை பார்த்துத் திருப்தியான பிறகுதான் உட்கார்ந்தாள். பணத்தை எண்ணிக் கொடுத்தாள். சோடாவைப் பாதி குடித்துவிட்டு, "ஜாஸ்தி காரமா இருக்கு" என்றாள்.

6

கதை இங்கே முடிந்திருந்தால் நான் நிம்மதியாகக் கடையைச் சாத்தியிருப்பேன். மறியல் ஓய்ந்து பஸ் ஓடத் தொடங்கியதும் ராஜாங்கம் கூறை எடுக்க வந்தார். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். அலமாரியில் கூறையைக் காணோம். நேராக என் கடைக்கு வந்தார்.

"கண்ணகி, உனக்குத் தெரியாம இந்தத் தெருவுல ஒண்ணும் நடக்காது. எங் கூறைய வாங்கிக்கினு போனது யாரு?"

'நீங்க அனுப்பிச்ச ஆளு' என்றால் அவருடைய ஆட்களோடு ஜீப் மலையேறும். ஒரு புதுப்பெண்ணின் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். 'யாரோ கிராக்கி' என்றால், போயும் போயும் கிராக்கிக்கா என்று பாயின் படியில் நின்று கத்துவார். 'வாடிக்கை' என்றால், "மலைக்காரி வாடிக்கைன்னா அப்ப நா யாரு?" என்பார், அவரோடு பாதிக் கச்சிராயபாளையமும் வேறு கடைக்குப் போய்விடும். பாய் அரைக்கதவோடுதான் உட்கார வேண்டும்.

ராஜாங்கம் என் வாசலில் இன்னும் நிற்கிறார். துண்டை உதறித் தோளில் போட்டாயிற்று. தெருமுனையில் பாய் வந்துவிட்டார். நடையை நிறுத்தி என்னையே பார்க்கிறார். எனக்கானால், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, பேச்சு வரவில்லை.

நீங்களும் இவ்வளவு நேரம் இங்கேதான் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒன்றும் வாங்கவில்லை, பரவாயில்லை. இப்போது வளையல் பார்க்கிற மாதிரி குனிந்துகொள்ளாதீர்கள். வாங்கிப்போனது யாரென்று ராஜாங்கம் உங்களிடம்தான் கேட்கிறார், சொல்லுங்கள்.