நான்கு முனையிலும் மஞ்சள்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் தியாகேசன் சொன்னது. மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். வெள்ளைக்காரன் காலத்து ரூபாய் நோட்டுகளைச் சேர்ப்பவர். செல்லாத பணத்தைச் செல்லும் பணம் கொடுத்து வாங்குகிற மனிதர்கள்மீது எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. அதனால்தான் காது கொடுத்தேன் என்று நினைக்கிறேன். முக்கியமான இடம் வந்தபோது அவருக்கு போன் வந்தது. எழுந்து போய்விட்டார்.

2

தொடக்கம், முதல் வரைவு: "காவிரி கரைபுரண்டு ஓடிய ஓர் ஆடி மாதத்தில்"

அடித்துவிட்டேன். டெல்டாவைப் பற்றி எழுதினால் முதல் வரியிலேயே தண்ணீர் ஓட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

இரண்டாம் வரைவு: "அந்த நோட்டை முதன்முதலாகத் தொட்டபோது அய்யாவுவின் கை"

கை என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. 'நடுங்கியது' என்ற சொல் தானாக வந்து நின்றது. அதை நான் நம்பவில்லை.

தெரிந்தது இவ்வளவுதான். கல்லணைக் கால்வாய்* வெட்டியபோது அய்யாவு மண் சுமந்தார். சேர்ந்திருந்த கூலியை மேஸ்திரி ஒரே நோட்டாகக் கொடுத்தார்: ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட பத்து ரூபாய். அதை மாற்ற ஒரத்தநாட்டில் ஒரு மளிகைக் கடைக்குப் போனார். கடைக்காரர் நோட்டைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தார். ஏதுடா இது என்று கேட்டார். சேரியிலிருந்து வந்த கூலிக்காரன் கையில் பத்து ரூபாய் நோட்டு இருந்தால் அது திருட்டு நோட்டுதான். அய்யாவு திரும்பி வந்து, சாமிப் படத்தின் பின்னால், படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் அதை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு வெளியே எடுக்கவே இல்லை.

செலவழிக்க விடாததால்தான் அது மடிப்பு விழாமல் பிழைத்தது. தியாகேசன் இதைச் சொல்லும்போது 'அதிர்ஷ்டம்' என்றார். எனக்குச் சுருக்கென்றது.

(* இங்கே புது ஆறு என்றால்தான் தெரியும். ஆறு எப்படிப் புதிதாக இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். வெட்டினால் இருக்கும்.)

3

தியாகேசனை வில்லனாக்க எனக்கு ஆசை இருந்தது. ஏழை வீட்டில் அரிய பொருள், நகரத்திலிருந்து வரும் சேகரிப்பாளர். கதை தானே ஓடும். ஆனால் நோட்டைக் கண்காட்சிக்குக் கேட்டு வீட்டுக்குப் போனவர் அதன் சந்தை விலையை உள்ளபடியே சொன்னாராம். அய்யாவுவின் மகள் அம்சம் விலையைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. எழுபதைத் தாண்டியவர், சொந்தமாக இரண்டு மா நிலம் பயிர் வைப்பவர், பிள்ளைகள் வெளியூரில் உத்தியோகத்தில் இருப்பவர்கள். அவருக்குப் பணம் வேண்டியிருக்கவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

"கண்காச்சில வைப்பேங்கிறீங்களே தம்பி, அதுக்குக் கீழ எங்கப்பா பேரு எழுதுவீங்களா? மதகுல அஞ்சாறு தொரைங்க பேரு வெட்டியிருக்கு. வெட்டுன ஆளு பேரு ஒண்ணுகூட இல்ல."

எழுதுவதாகத் தியாகேசன் வாக்குக் கொடுத்தார். அம்சம் அடுத்த வியாழக்கிழமை வரச் சொன்னார். இன்று செவ்வாய், செவ்வாயில் எதையும் வெளியே கொடுக்க மாட்டேன் என்றார்.

(இந்த இடத்தில் தியாகேசன் செவ்வாய் என்றும் பாராமல் கையோடு கேட்டு வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.)

4

வியாழக்கிழமை அம்சம் நோட்டைத் தாம்பாளத்தில் வைத்து, வெற்றிலை பாக்கோடு நீட்டினார். நோட்டின் நான்கு முனையிலும் மஞ்சள். கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவதைப்போல, குழைத்து, அழுத்தித் தடவிய மஞ்சள். ராஜாவின் கிரீடம்வரை ஊறியிருந்தது.

தியாகேசன் என்னம்மா இப்படி என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

"வீட்ட விட்டு நல்ல காரியத்துக்குப் போவுது. வெறும் நோட்டா எப்படிக் குடுக்குறது?"

 தியாகேசன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கழுவினாலும் கெடும், கழுவாவிட்டாலும் கறை. நோட்டுச் சேர்ப்பவர்கள் கூட்டத்தில் கறை பட்ட நோட்டு செத்த நோட்டு. இந்த இடத்தில் எனக்குத் தியாகேசனைப் பிடித்துப்போனது. எழுதுகிறவன் அப்படிச் சொல்லக் கூடாது, ஆனாலும் பிடித்துப்போனது.

5

கண்காட்சி ஒரு கல்யாண மண்டபத்தில். போட்டிக்குழுவில் ஒருவர் தியாகேசன் நோட்டுகளை வைத்திருந்த கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்து, கறை பட்ட நோட்டும் ஆள் பெயரும் விதிப்படி கூடாது, மஞ்சள் நோட்டையும் அதன் கீழே இருந்த பெயர்ச் சீட்டையும் எடுத்துவிட்டால் மற்ற நோட்டுகள் போட்டியில் இருக்கும், இல்லையென்றால் சட்டத்தையே இறக்கிவிடுங்கள் என்றார். இருபது வருடச் சேகரிப்பு அந்தச் சட்டத்தில் இருந்தது. அம்சம் ஒரத்தநாட்டில் பஸ் ஏறிவிட்டதாக அப்போதுதான் சொல்லியிருந்தார்.

இந்த இடத்தில்தான் டீக்கடையில் போன் வந்தது.

முடிவு (அ): நோட்டை எடுத்துவிடுகிறார். அம்சம் வந்து கண்ணாடிமேல் விரலை வைத்து ஒவ்வொரு சீட்டாகத் தேடுகிறார். இதை எழுதிவிட்டு எனக்கு மனசு கேட்கவில்லை.

முடிவு (ஆ): சட்டத்தை இறக்கி, வாசலில் நாற்காலி போட்டு, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது. மனிதர்கள் இவ்வளவு நன்றாக இருப்பார்களா என்பதுதான்

முடிவு (இ): எழுதவில்லை.

6

போன வாரம் தியாகேசன் கூப்பிட்டார். என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கலாம். கேட்டால் கதை மறுபடியும் அவருடையதாகிவிடும் என்று விட்டுவிட்டேன். அவர் கூப்பிட்டது வேறு விஷயத்துக்கு. நான் எழுதுவதை அம்சத்திடம் சொன்னாராம். அவர் ஒன்றுதான் கேட்டாராம்.

"அதுலயாச்சும் எங்கப்பா பேரு வருதுங்களா?"

வருகிறது என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

வரவில்லை. அய்யாவு என்பது அவர் பெயர் அல்ல. கதை எழுதுகிறவர்கள் பெயரை மாற்றுவது வழக்கம்; யோசிக்காமலே மாற்றிவிட்டேன். மண்டபத்துக் குழுவுக்கு ஒரு விதி இருந்தது, எனக்கு ஒரு வழக்கம் இருக்கிறது.

கடைசி வரைவில் இந்த ஒரு வரியை வைத்திருக்கிறேன். உண்மையான பெயர் என் மேசைமேல் ஒரு காகிதத்தில் இருக்கிறது. அச்சுக்குப் போகும்வரை நேரம் இருக்கிறது. நான் எழுதினேனா என்பதை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்:

புது ஆற்றை வெட்டியவர்களில் ஒருவர் பெயர் [                    ].