தோளில் நாலு விரல்

மிளகாய் எரிச்சல் சோப்புக்குப் போகாது. நீலாம்பாள் புளியைக் கரைத்துக் கையில் தேய்த்தாள், பிறகு தேங்காயெண்ணெய். ஆரியசாலை மொத்தக்கடையின் பின்கட்டில் வற்றலுக்குக் காம்பு கிள்ளுகிற பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நடுப்பகலில் வேலையை விட்டு எழுந்தவள் அவள் ஒருத்திதான்.

“சுண்டுவிரலத் தூக்கிக்கிட்டே கிள்ளுவா. காலேஜ் வாத்தியார் மவளாக்கும்,” என்றாள் முத்தாரம்மாள். “அப்பனுக்கு நூறாம் பொறந்தநாளுக்கு ஊரே மாலை போடுது. ஒனக்கு என்னடி தருவாங்க, ரெண்டு பழமா?”

“எங்கம்மையத் திரும்பத் தருவாங்க. அது போரும்.”

தத்துவப் பேராசிரியர் குற்றாலலிங்கம் பிள்ளை போனபின் வீடு போயிற்று. அவர் பார்த்துக் கட்டிவைத்த மாப்பிள்ளையும் போனான். மிஞ்சியது ஒரு புகைப்படம். அப்பா நாற்காலியில், பின்னால் நின்று அவர் தோளில் கை வைத்தபடி அம்மா. மகள் நடக்கப் பழகுமுன்பே வைசூரி கொண்டுபோன அம்மா. அவள் மூக்கு எப்படி, நெற்றி எப்படி என்பதெல்லாம் நீலாம்பாளுக்கு அந்த அட்டையைப் பார்த்துத்தான் தெரியும். காலையில் அடுப்பு மூட்டுமுன் அந்த முகத்தின் முன் கொஞ்சநேரம் நிற்பாள். அப்பா பக்கம் கண் போகாது. அவரைத்தான் நேரிலேயே பார்த்தாயிற்றே. நூற்றாண்டு விழாவுக்குச் சித்திரம் எழுத வேண்டும் என்று விழாச் செயலாளர், வக்கீல் அழகியநம்பி பிள்ளை வந்து கேட்டபோது, பழைய வேட்டித்துணியில் பொதிந்து கொடுத்தாள். கொடுத்த கையோடு பயமும் வந்துவிட்டது.

யுத்தகாலத்திலும் காலேஜ் ஹால் நிரம்பியிருந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். திரை விலகியது. ஆளுயரத்தில் அப்பா, தனியாக. தோளில் சரிகை போட்ட நேரியல் துண்டு. அம்மாவின் கை இருந்த இடத்தில்தான் அந்த மடிப்பு. அவர் உடம்பை வெறும் சட்டையாக நினைத்தவர் என்று யாரோ ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் பேசினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள். உள்ளங்கை எரிந்தது.

கூட்டம் கலைந்ததும் வக்கீலைப் போய்ப் பிடித்தாள்.

“அக்கா முன்னாலயே வந்திருக்கப்படாதா? மேடையில பேரு சொல்லியிருப்பேனே.”

“அது கெடக்கட்டும் தம்பி. படத்தத் தாருங்க.”

அவர் பைக்குள்ளிருந்து உறையை எடுத்தார். கொடுக்கத் தயங்கினார். உள்ளே பாதி அட்டைதான் இருந்தது. கத்தரியால் வெட்டிய விளிம்பு.

“படம் எழுத வசதியா சித்திரக்காரன் வெட்டிட்டான். நாங்களும் யோசிச்சோம்... வேதாந்தியாக்கும் அவரு. பெண்டாட்டியோட நிக்கப்பட்ட கோலம் காலேஜ் ஹாலுக்குச் செரியாவாதுன்னு கமிட்டியில ஒரு அபிப்ராயம்.”

“மத்தது எங்க?”

“பட்டறையில ஆள விட்டுத் தேடியாச்சு. குப்பையோட வாரிட்டானாம்.” அவர் குரல் தணிந்தது. “அப்பா முகத்துல ஒரு கீறல் விழல்ல, பாத்தியளா.”

“அப்பா முகம் செவத்துல இருக்கே தம்பி. அதத்தான் எல்லாரும் பாத்தாச்சே.”

மேடையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். குரூப் போட்டோ எடுக்க வேண்டும்.

“வாருங்கக்கா. குடும்பத்துல ஒருத்தராவது கூட நிக்கணும்.”

“குடும்பத்தத்தான் வெட்டிட்டியளே,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

படிக்கட்டில் உட்கார்ந்து அட்டையை வெளிச்சத்தில் பிடித்தாள். கத்தரி அப்பாவின் தோளைச் சுற்றித்தான் போயிருந்தது. தோளைக் கெடுக்காமலிருக்க, அதன்மேல் இருந்த நாலு விரல்களை விட்டுவைத்திருந்தான். மணிக்கட்டு இல்லை, கை இல்லை, ஆள் இல்லை.

முந்தானை நுனியால் அப்பாவின் முகத்தை மறைத்தாள். விரல்கள் மட்டும் தெரிந்தன. மூன்று விரல்கள் தோளில் அழுந்தியிருந்தன. சுண்டுவிரல் மட்டும் தொடாமல், சற்றே தூக்கினாற்போல நின்றது. இத்தனை வருஷம் முகத்தையே பார்த்தவள் இதைப் பார்த்ததில்லை.

உள்ளே போட்டோக்காரன் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொன்னான். நீலாம்பாள் மடியில் கிடந்த தன் கையை, அதன் சுண்டுவிரலைப் பார்த்தாள். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.