அப்பாவுக்கு இருந்தது

"தலையில மட்டும் கைய வைக்க விடாதீங்க மதினி," என்று பிணவறை வாசலை மறித்து நின்றான் வெங்கிட்டு.

பாக்கியலக்ஷ்மி மூடிய கதவைப் பார்த்தாள். உள்ளே அவள் புருஷன் ராசப்பன் கிடந்தான். மட்டாஞ்சேரி கள்ளுக்கடைப் படியில் காலையில் விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

எதிரே நின்ற டாக்டர் ஷீஜா குடிப்பழக்கத்தை ஆராய்பவர். போஸ்ட்மார்ட்டத்தோடு மூளையிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டிருந்தார்.

"ஒரே குப்பியிலேருந்து ரெண்டு பேர் குடிப்பாங்க. ஒருத்தர் நிறுத்திருவார், ஒருத்தரால முடியாது சேச்சி. பிறக்கும்போதே ஜீன்ல சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். அதனால மூளையில சில ஜீன் கூடுதலா வேலை செய்யும், சிலது குறைவா. அதை மூளையிலதான் பார்க்க முடியும். நேரம் போனா ஒண்ணும் கிடைக்காது."

"குடிச்சே அழிஞ்சாரு எங்கண்ணன். செத்தப்புறமும் கூறு போடணுமா?" வெங்கிட்டுவின் குரல் உடைந்தது.

சுவரோரம் நின்ற மகன் அனூப் நிமிர்ந்தான். "டாக்டர், அப்பாவுக்கு இருந்தது எனக்கும் இருக்குமா?"

ஷீஜா அவன் பக்கம் திரும்பினார். "இருக்கலாம். மத்தவங்களைவிட உனக்கு ஆபத்து கூடுதல்தான். ஆனா நீ குடிச்சே ஆகணும்னு எந்த ஜீனும் சொல்லாது."

பாக்கியலக்ஷ்மி மகனைப் பார்த்தாள். போன ஓணத்தன்று கூட்டாளிகளோடு போய்வந்தவன், அவள் பக்கம் திரும்பாமலே சோறு தின்றுவிட்டு எழுந்தது நினைவுக்கு வந்தது. ராசப்பனுக்கு மனஉறுதி இல்லை என்று ஊரே சொன்னது. அவளுக்குப் புருஷனைத் திருத்தத் தெரியவில்லை என்று அவன் வீட்டார் சொன்னார்கள். குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யும்போதெல்லாம் அவன் அழுவான். அது பொய் அழுகை இல்லை என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

"எடுத்துக்கோங்க," என்றாள்.

"மதினி!"

"நிறுத்தணும்னுதான் அவரும் நெனச்சாரு, வெங்கிட்டு."

சாயங்காலம், தலையில் வெள்ளைத்துணி கட்டி ராசப்பன் வீடு வந்து சேர்ந்தான். பாடை தூக்க வந்தவர்களுக்கு வெங்கிட்டு கொல்லைப்புறத்தில் பிராந்தி ஊற்றிக்கொண்டிருந்தான். அனூப்பிடமும் ஒரு டம்ளரை நீட்டினான்.

"இன்னிக்கு ஒரு நாள் போட்டுக்கடா. இல்லேன்னா தாங்காது."

தரையில் உட்கார்ந்திருந்த அனூப் வாங்கிவிட்டான். கதவருகே அம்மாவைக் கண்டதும் டம்ளர் பாதி வழியில் நின்றது. அவள் கத்தவில்லை, பிடுங்கவும் இல்லை. வந்து அவனருகில் ஈரத்தரையில் உட்கார்ந்தாள்.

முன்பக்கம் சங்கு ஒலித்தது.

"அனூப், வாடா, தூக்கணும்!" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

அவன் சிந்தாமல் டம்ளரைத் தரையில் வைத்தான். வைத்த பிறகும் அதன் விளிம்பிலிருந்து விரலை எடுக்கவில்லை.

பாக்கியலக்ஷ்மி காத்திருந்தாள்.